முள்ளைப் பிடித்த கை

ஒரு ஆம்ப்ளிஃபயரின் வடிகட்டியை ஒரு மில்லி செகண்டிலிருந்து ஒரு செகண்டுக்கு மாற்றினேன். குமிழை மூன்று தட்டு திருப்பினால் போதும். என் குற்றம் அங்கே தொடங்கியது. அங்கேயே நின்றிருந்தால் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நிற்கவில்லை. அடுத்து ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அடுத்து பதிவேட்டில் மழுப்பினேன். அதற்கும் அடுத்து, ஒரு வரிகூடப் பொய் இல்லாத ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நான் செய்ததிலேயே மோசமானது அந்த மின்னஞ்சல்தான். படிக்கிறவர்கள் அவசரப்பட்டு இரக்கப்பட வேண்டாம். முழுதும் கேளுங்கள்.

அந்த ஒளிக்கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது இந்தியாவில் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தூரில் வேலை பார்ப்பவர்கள் மேல் வீண் சந்தேகம் விழும். அங்கே விதிமுறைகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆம்ப்ளிஃபயரில் கை வைத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். பீம்லைன் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். இரண்டையும் செய்யாதவன் நான். கூடத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்ன வேலை என்று தெரியாமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு வெகு அருகில் ஓடவிட்டு, காந்தத்தால் வளைத்தால், வளைகிற இடத்தில் எக்ஸ்-கதிர் தெறிக்கும். அந்தக் கதிரை எடுத்துப் பயன்படுத்துவதற்கென்றே கட்டிய வளையம்தான் சிங்க்ரோட்ரான் ஒளிக்கூடம். வளையத்திலிருந்து கதிர் ஆய்வு நடக்கிற இடத்துக்கு வருகிற பாதைதான் பீம்லைன். நம் நாட்டில் இந்தூரில், ராஜா ராமண்ணா மையத்தில் இரண்டு வளையங்கள் உண்டு. 1999-இல் ஓடத் தொடங்கிய இண்டஸ்-1 சிறியது, 45 கோடி எலெக்ட்ரான் வோல்ட். பின்னால் வந்த இண்டஸ்-2 பெரியது, 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட், சுற்றளவு சுமார் 172 மீட்டர். அந்தச் சுற்றை ஒரு எலெக்ட்ரான் நொடிக்கு 17 லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். எலெக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகத்தான் ஓடும். அங்கே ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2 நானோ செகண்ட். ஆக, ஒரே சீராக எரிவதுபோல் தெரிகிற கதிர் உண்மையில் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கிறது.

அந்த மின்னலால் யாருக்கும் தொல்லையில்லை. தொல்லை தருவது வேறு ஆட்டம். குளிர்நீர்க் குழாய் அதிரும். பம்ப் ஓடினால் தரை அதிரும். கதிரிலிருந்து ஒரே ஒரு அலைநீளத்தைப் பிரித்தெடுக்கிற சிலிக்கன் படிகங்கள் சூடேறாமல் இருக்கத் திரவ நைட்ரஜனை ஓடவிடுவார்கள். அந்த ஓட்டத்தில் படிகம் நடுங்கும். கதிர் ஒரு மைக்ரோரேடியன் விலகினால் போதும், 30 மீட்டர் தள்ளிப் போய்ச் சேரும்போது 30 மைக்ரான் விலகியிருக்கும். நாங்கள் ஆய்வு மாதிரியின் மேல் பாய்ச்சியது சில மைக்ரான் அகலத்துக்குக் குவித்த கதிர். விலகினால் குவிக்கிற கண்ணாடியின் மேல் பாதி விழும், பாதி விழாது.

கதிரின் ஆட்டம் அதன் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. கதிர் மெலிய மெலிய அந்தப் பத்தில் ஒரு பங்கும் சுருங்கும். ஸ்வீடனில் மேக்ஸ்-4 ஒளிக்கூடம் 2016-இல் திறந்தது. பிரான்சில் கிரெனோபிள் கூடம் பழைய வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு 2020-இல் புதியதோடு வந்தது. சிகாகோ பக்கத்து ஆர்கான் கூடமும் அப்படியே புதுப்பித்து 2024-இல் கதிரைத் திரும்பக் கொண்டுவந்தது. எல்லாம் இன்னும் மெல்லிய, இன்னும் செறிந்த கதிருக்காக. மெல்லிய கதிரைக் காவல் காக்கிற டிடெக்டர் வேகமாக இருந்தாக வேண்டும். மெதுவான டிடெக்டர் உடைந்த டிடெக்டரைவிட ஆபத்தானது. உடைந்தது ஒன்றும் காட்டாது. மெதுவானது ஆட்டத்தைச் சராசரியாக்கி, ஆட்டமே இல்லை என்று காட்டும்.

என் பொறுப்பில் இருந்தது வைரம். நகைக்கடை வைரம் இல்லை. மீத்தேனிலிருந்து கார்பனைப் பிரித்து அடுக்கடுக்காக வளர்த்த தகடு, 50 மைக்ரான் கனம். கதிரின் பாதையிலேயே அதை நிறுத்துவோம். 10,000 எலெக்ட்ரான் வோல்ட் கதிரில் அது சுமார் 4 சதவீதத்தைத்தான் விழுங்கும். மற்றதெல்லாம் அப்படியே கடந்து மாதிரிக்குப் போய்விடும். விழுங்கிய ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் 700-க்கு மேற்பட்ட மின்னூட்ட இணைகள் பிறக்கும். தகட்டின் மேல் நான்கு மூலையில் நான்கு மின்முனை. நான்கு மின்னோட்டத்தையும் கூட்டினால் கதிரின் செறிவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கதிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. வாயு நிரப்பிய பழைய அயனி அறைகள் மில்லி செகண்ட் கணக்கில் சோம்பல்படும். வைரம் நானோ செகண்டில் பதில் சொல்லும். மனது வைத்தால் எலெக்ட்ரான் கொத்துகளைக்கூடத் தனித்தனியாகப் பார்க்கலாம். அவ்வளவு வேகமான பொருளுக்குப் பின்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர், அதில் ஒரு குமிழ்.

என் அய்யா கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். கரிசல்காட்டுச் சம்சாரி வண்டியில் கொண்டுவரும் தாட்டைத் தராசில் ஏற்றியதும் முள் ஆடும். அய்யா காத்திருப்பார். தானாக நிற்கிற வரைக்கும் எடையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவசரக்காரர்கள் சுண்டு விரலால் முள்ளைப் பிடித்து நிறுத்தி, நின்ற இடத்தை எடை என்று எழுதிவிடுவார்கள். அந்த மாதிரி ஆட்களைப் பற்றி அய்யா வீட்டில் பேசும்போது அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார், "விரக்காரன்" என்பார். நான் செய்தது அந்த விரல் வேலைதான். அது தெரியாமல் செய்யவில்லை. குமிழைத் திருப்பும்போதே அய்யாவின் முகம் வந்தது. இருந்தும் திருப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். மறுநாள் ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. பீம்லைனுக்கு அடுத்த கட்டப் பணம் தருவதா என்று முடிவு செய்கிறவர்கள். அவர்களுக்கான அறிக்கையில் வைர டிடெக்டர் பற்றிய பக்கத்தை எழுதியவன் நான். கதிரின் நிலைத்தன்மை பற்றி ஒரு எண் போட்டிருந்தேன். அந்த எண் ஒரு நல்ல நாளில் எடுத்தது. மற்ற நாள்களில் அது வராது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். நொடிக்கு 25 தடவைக்குப் பக்கத்தில் ஒரு நடுக்கம். நைட்ரஜன் ஓட்டத்திலிருந்துதான் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. சரிசெய்ய ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், வெற்றிடத்தைத் திறந்து குழாயின் பிடிமானத்தை மாற்ற வேண்டும். நாள்கணக்கில் பீம்லைன் நிற்கும். நான் பொறுப்பாளரை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை.

எனக்கு ஒப்பந்த வேலை. அந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன் பாக்கி இருந்தது. இதை எழுதும்போதே சாக்கு மாதிரிதான் படுகிறது. சாக்குதான். பயம் பாதி. மீதிப் பாதி கர்வம். எட்டயபுரத்தில் பிறந்தவனுக்கு ஒரு நோய் உண்டு. பாரதி பிறந்த ஊர் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி, பெரிதாக எதையாவது செய்யாவிட்டால் ஊருக்கே துரோகம் செய்துவிட்டதுபோல் ஒரு எண்ணம் ஏறிவிடும். பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் கணக்கிலும் எந்திரத்திலும் மோகம் கொண்டவர். ஊரில் பருத்தி ஆலை வைத்து, நஷ்டப்பட்டு நொடித்துப் போனார். அவருடைய கதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. தோற்ற மனிதரைப் பற்றிக் கட்டுரைப் போட்டி கிடையாது. தோற்கிறவனுக்கும் ஊரில் ஒரு இடமுண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் குமிழைத் திருப்பியிருக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. திருப்பியிருப்பேன். என் சுபாவம் அப்படி.

வடிகட்டியை ஒரு செகண்டுக்கு மாற்றியதும் திரையில் நான்கு கோடுகளும் நூல் பிடித்தாற்போல் நின்றன. அழகாக இருந்தது. அதை அழகு என்று அப்போது நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மூலையில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேகப் பதிவு என்று ஒன்று இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் வடிகட்டிக்கு முன்னாலேயே நொடிக்குப் பல்லாயிரம் அளவு எடுத்துச் சேமிக்கிற கிளை. நடுக்கம் எல்லை தாண்டினால் அதுதான் எச்சரிக்கை கொடுக்கும். கணினி வட்டில் இடம் பிடிக்கிறது என்று ஒரு காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் நிறுத்தினேன். விளக்கு அணைந்தது. பின்னால் யாராவது கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ள இருந்த ஒரே வழியும் அதோடு போயிற்று. வடிகட்டியை மட்டும் மாற்றியிருந்தால் சேதத்தைப் பின்னால் சரிக்கட்டியிருக்கலாம். பதிவை நிறுத்தியதுதான் திரும்ப முடியாத தப்பு.

குழு வந்தது, கோட்டைப் பார்த்தது, தலையாட்டியது, போயிற்று. சாயங்காலமே குமிழைப் பழையபடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன். திருப்பி வைத்தால் மஞ்சள் விளக்கு எரியும். நேற்று வரை எரியாதது இன்றைக்கு ஏன் எரிகிறது என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன் என்றேனே, அவள் அதற்கடுத்த வாரங்களில் வந்தாள். தென்மாவட்டத்துப் பெண். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. முனைவர் பட்ட மாணவி. எழுதிப் போட்ட ஆய்வுத் திட்டம் தேர்வாகி, ஆறு ஷிஃப்ட் கிடைத்து, கடன் வாங்கிக் குளிர்ச்சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் போனில் வீட்டுக்குப் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நீங்க கோயில்பட்டிப் பக்கமா?" என்றாள். எட்டயபுரம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் என்னைத்தான் கேட்டாள்.

அவள் ஆய்வு கம்பைப் பற்றியது. கம்பில் இரும்புச்சத்து உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கம்புக்கு இரும்பு கூட்டிய ரகங்கள் வந்திருக்கின்றன. இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பங்கெடுத்து உருவாக்கிய தனசக்தி அதில் ஒன்று. அவளுடைய கேள்வி அதற்கு அடுத்தது. எங்கள் பக்கம் கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி உரலில் இடித்து, சொளகில் புடைத்து, தவிட்டைத் தள்ளிவிட்டுத்தான் கம்மஞ்சோறு ஆக்குவார்கள். என் அம்மா அப்படித்தான் செய்வாள். சொளகிலிருந்து பறந்து போகிற தவிட்டோடு இரும்பும் போய்விடுகிறதா? எந்த ஆழத்துக்கு இடித்தால் எவ்வளவு மிஞ்சும்? ஒரு தானியத்தைச் சீவி, எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, எந்தப் புள்ளியில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று படம் வரைந்தால் தெரிந்துவிடும். இரும்பு தன் அடையாளமான கதிரை உமிழும். எண்ண வேண்டியதுதான்.

அந்தத் தானியங்கள் அவள் சொந்தக்காரர் ஒருவருடைய மானாவாரிக் காட்டில் இரண்டு ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து எடுத்தவை. ஒரே மண், ஒரே மழை. மைக்ரோடோம் கத்தியில் அவளே சீவியவை. ஒவ்வொரு சீவலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

மாதிரி நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு புள்ளிக்கு 10 மில்லி செகண்ட். கதிர் நொடிக்கு 25 தடவை ஆடினால், நான்கு புள்ளிக்கு ஒரு தரம் செறிவு ஏறி இறங்கும். வைர டிடெக்டர் வேகமாக ஓடியிருந்தால் இதனால் பெரிய சேதமில்லை. அந்தந்தப் புள்ளியின் கதிர்ச் செறிவால் வகுத்துவிட்டால் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். வைரத்தை வைத்திருப்பதே அதற்குத்தான். நான் கொடுத்ததோ ஒரு செகண்டுக்குச் சராசரியாக்கிய, ஆடாத எண். அதால் வகுத்து என்ன பயன்? அவள் படங்களில் சாய்ந்த கோடுகள் விழுந்தன. தவிடும் மாவும் சேருகிற எல்லை, அவள் பார்க்க வந்ததே அந்த எல்லையைத்தான், அது கலங்கிப் போயிற்று.

இரண்டாம் ஷிஃப்ட் முடியும் நேரம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இரும்பு, துத்தநாகம், கால்சியம் எல்லாத்துலயும் ஒரே கோடா விழுது. பீமு ஆடுதா?"

"ஸ்கிரீனப் பாரு தாயி. நூல் புடிச்சாப்ல நிக்கு."

திரையைப் பார்த்தாள். நின்றது.

"அப்ப என் சீவல்ல கோளாறா இருக்கும். ஒண்ணத் திருப்பி வச்சு ஓட்டிப் பாக்கட்டுமா? 90 டிகிரி திருப்பி?"

"வேண்டாம் தாயி. கழட்டி மாட்டி அலைன் பண்ணுறதுக்குள்ள அர ஷிஃப்ட் போயிரும். கத்தி அதிர்ந்திருக்கும். அடுத்ததப் போடு."

இந்த நாலு வரியை விட்டு நான் நகர முடியாது. அவள் சொன்னது சரியான சோதனை. மாதிரியைத் திருப்பினால் கோடும் கூடவே திரும்பினால் கத்தியின் கோளாறு. கோடு பழைய திசையிலேயே நின்றால் கதிரின் கோளாறு. ஒரு சின்னப் பகுதியை மட்டும் ஓட்டினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரை ஷிஃப்ட் என்று நான் சொன்னது பொய். சோதனையின் முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால் சொன்ன பொய். மைக்ரோடோம் கத்தி அதிர்ந்தால் சீவலில் கனம் கூடியும் குறைந்தும் வரி வரியாக விழுவது உண்மைதான். எல்லாத் தனிமத்திலும் ஒரே மாதிரி தெரிவதும் உண்மைதான். அதனால் அவள் நம்பினாள். நம்புவதற்கு ஏற்ற மாதிரி உண்மையாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஊர்ப்பேச்சில் வேறு சொன்னேன். அதே பதிலை ஆங்கிலத்தில் வேறொருவன் சொல்லியிருந்தால் அவள் இன்னொரு தடவை கேட்டிருப்பாள்.

மிச்ச நான்கு ஷிஃப்டும் அதே கதிரில் ஓடின. கடைசி நாள் அவள் எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். கோவில்பட்டி கடலைமிட்டாய். அதையும் தின்றேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பராமரிப்பு நாள் வந்தது. நைட்ரஜன் குழாயின் பிடிமானத்தை மாற்றினோம். நடுக்கம் அடங்கியது. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குமிழை ஒரு மில்லி செகண்டுக்குக் கொண்டுவந்தேன். வேகப் பதிவை ஓடவிட்டேன். பதிவேட்டில் "ஆம்ப்ளிஃபயர் அமைப்புகள் சரிபார்க்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தேன்தானே.

அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருக்கிறாள். மதிப்பீட்டாளர் கோடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த வாரம் கதிர் நிலையாக இருந்தது என்று கூடத்திலிருந்து உறுதி தர முடியுமா? நான் எழுதிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. "நீங்கள் குறிப்பிடும் நாள்களில் கண்காணிப்புப் பதிவுகளில் குறிப்பிடத்தக்க ஆட்டம் எதுவும் பதிவாகவில்லை." பதிவாகவில்லைதான். பதிவை நிறுத்தியவனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு எழுதினேன். யாராவது என்னைக் கூண்டில் ஏற்றினாலும் பொய் என்று நிரூபிக்க முடியாதபடி எழுதினேன். அதாவது, அன்றைக்கே கூண்டு என் மனதில் இருந்திருக்கிறது.

அந்த மின்னஞ்சலால் நடந்தது இது. கதிரில் குறையில்லை என்றானதும் குறை அவள் கையில் என்றாயிற்று. இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அவளுடைய நெறியாளர், சீவுகிற கை சுத்தமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். புதிதாகச் சீவலாம் என்றால் தானியம் போதவில்லை. அடுத்த வருஷம் அந்தக் காட்டில் மழை தவறி விதைப்பே இல்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, ஒல்லியான ஆய்வேடு ஒன்றைக் கொடுத்துப் பட்டம் வாங்கினாள். ஆய்வில் தொடரவில்லை. இதையெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். அவ்வப்போது நானே தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசாரித்துக்கொண்டும் இருந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

நடுவில் ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது பிள்ளைகளுக்கு முன்னால் பேசக் கூப்பிட்டார்கள். பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11-ஐ ஒட்டிய நாள். ஒளிக்கூடம் பற்றிப் படம் போட்டுக் காட்டினேன். ஒளி பொய் சொல்லாது என்று முழங்கினேன். கைதட்டல். சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "வைரம் தப்பாக் காட்டுமா சார்?" என்று கேட்டது. காட்டாது என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

இப்போது ஏன் சொல்கிறேன்? மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். காலவரிசை வேறு மாதிரி இருக்கிறது. என் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, எட்டயபுரத்துக்கே வந்துவிட்டேன். இனி இழக்க ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் தைரியம் வந்தது. இழக்க இருந்த காலத்தில் வரவில்லை. கூடத்துக்கு எழுதினேன். குமிழைத் திருப்பியதிலிருந்து திரும்ப வைத்தது வரை அந்த பீம்லைனில் வேலை செய்த குழுக்கள் எல்லாவற்றுக்கும் எழுதினேன். ஒரு குழுவினர் தாங்களே வேறொரு டிடெக்டர் கொண்டுவந்திருந்ததால் தப்பித்திருந்தார்கள். இன்னொரு குழு வெளியான கட்டுரையை மறுபடி சரிபார்ப்பதாக ஒரு வரியில் பதில் போட்டது. கூடம் அந்த நாள்களின் தரவுகளுக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. என்மேல் அவர்கள் காட்டிய நாகரிகம் எனக்குத் தகாதது.

அவளுக்குக் கடைசியாக எழுதினேன். வரிசையில் அவள்தான் முதலாவதாக இருந்திருக்க வேண்டும். வடிகட்டியைப் பற்றி, குழு வந்ததைப் பற்றி, வேகப் பதிவை நிறுத்தியதைப் பற்றி, பதிவேட்டைப் பற்றி, மின்னஞ்சலைப் பற்றி. நீளமான கடிதம். மறுநாளே பதில் வந்தது. மூல எண்கள் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா, நடுக்கத்தைக் கணக்கிலிருந்து கழிக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். அத்தனை வருஷம் கழித்தும் முதல் கேள்வி தரவைப் பற்றியது. இல்லை, நான்தான் பதிவாகவிடாமல் செய்தேன் என்று எழுதினேன். சீவல்கள் இருக்கின்றனவா, வேறு இடத்தில் மறுபடி ஓட்டலாமே என்று கேட்டேன். இந்தூரில் இண்டஸ்-2-இல் இதே மாதிரிப் படம் எடுக்கிற பீம்லைன் உண்டு. சீவல் சரியில்லை என்று ஆனபிறகு அதை எதற்கு வைத்திருப்பது, அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன் என்றாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றே ஒன்று சொன்னாள். அவளுடைய துறைக்கு, சீவலில் குறையில்லை, கை சுத்தமாகத்தான் இருந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி, அவளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். படித்துவிட்டு இரண்டே வரி போட்டாள். "திருப்பி வச்சுப் பாக்கட்டுமான்னு நான் கேட்டத நீங்க ரெண்டு கடிதத்துலயுமே எழுதலையே அண்ணாச்சி. அது எனக்கு மறக்கல."

எழுதவில்லைதான். எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அதை மட்டும் விட்டிருந்தேன். குமிழைத் திருப்பியது பயத்தில் செய்தது என்று யாராவது சொல்ல இடமுண்டு. சரியான கேள்வியோடு வந்து நின்றவளை அடுத்ததப் போடு என்று அனுப்பியதற்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் பேனா அதைத் தாண்டிப் போயிருக்கிறது. துறைக்கு இரண்டாவது கடிதம் அனுப்பினேன். அவள் கேட்டது, நான் சொன்னது, அரை மணி நேர வேலையை அரை ஷிஃப்ட் என்று சொன்னது எல்லாம் இருந்தது. துறையிலிருந்து பதில் வந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டுப் பட்டமும் வழங்கப்பட்டுவிட்டதால் மேற்கொண்டு செய்வதற்கில்லை, கடிதங்கள் கோப்பில் சேர்க்கப்பட்டன என்று. அதன் பிரதியை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.